பதினான்கு-அ வாசல்

ஜனவரி 11

அன்புள்ள மருமகளும் கணக்குப்புலியுமான உனக்கு,

மாமா எழுதுவது. நீ நலமா? இங்கே நான் நலம், உன் அத்தை நலம். என் இடது முழங்கால் மட்டும் தனி நாடாகப் பிரிந்துபோகும் முடிவில் இருக்கிறது. நாற்காலியை விட்டு எழும்போது அது போடும் சத்தத்துக்கு அடுத்த தெரு நாய்கள் பதில் குரைக்கின்றன.

இனி ராஜாங்க விஷயம். நம் நகராட்சியின் சொத்துவரியைத் தணிக்கை செய்து, அடுத்த ஐந்து வருஷத்துக்கு எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல ஓர் ஆலோசகரை அமர்த்துவதாகத் தீர்மானம் ஆயிற்று. இதுவரை அதை எப்படிச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று கேட்காதே. ஆணையர் என் முகத்தைப் பார்ப்பார். நான் அலுவலகக் கூரையைப் பார்ப்பேன். கூரை ஒழுகினால் போன வருஷத் தொகை, ஒழுகாவிட்டால் அதற்கு மேல் கொஞ்சம்.

விண்ணப்பித்தவர்களில் ஒருவர் கேட்ட கட்டணத்துக்கு நகராட்சியையே அவர் பெயருக்கு எழுதி வைத்திருக்கலாம். இன்னொருவர் அனுப்பிய புத்தகத்தைத் தூக்கிவந்த பியூன் இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். அதில் ஒரு எண் கூட இல்லை. கடைசியில் உன் நிறுவனம்தான் தேறியது. தேர்வுக் குழுவில் நான் வாயே திறக்கவில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் நான் பேசாமல் முடிந்த முதல் கூட்டம் அது. பக்கத்து மேசைக்காரர் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துச் சோடா வாங்கிவந்தார்.

முடிவானதும், "இந்த அம்மா என் அக்கா மகள்" என்று ஆணையரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சொந்தமா இருக்கறது தப்பில்ல சார். ஆனா வேலை முடியற வரைக்கும் உங்களுக்குள்ள போன் பேச்சு வேணாம். எதுவா இருந்தாலும் எழுத்துல. ஒரு நகல் எனக்கு."

"நலம் விசாரிச்சாக் கூடவா சார்?"

"அதைத்தான் சார் முதல்ல படிப்பேன்."

ஆகவே ஆணையர் அவர்களே, வணக்கம். முழங்காலுக்கு மருந்து தெரிந்தால் தெரிவிக்கவும்.

உன் அம்மா இன்று இருந்திருந்தால் தண்டோரா போடும் செலவு மிச்சம். அவளே தெருத்தெருவாகப் போய்ச் சொல்லியிருப்பாள். வேளைக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் மாமா,
வருவாய்ப் பிரிவுச் சக்கரவர்த்தி
(சம்பளப் பட்டியலில் கண்காணிப்பாளர் என்று போட்டிருப்பார்கள்)

நகல்: ஆணையர், கோப்பு.

*

பிப்ரவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்காலும் அதன் குடிமக்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அத்தையை நான் மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பழைய பதிவுகளைப் படித்து முடித்தேன். உங்கள் ஊரில் வரி போடும் முறை மிக எளிமையானது: தெருவைப் பார்த்த வாசல் ஒன்றுக்கு ஒரு கதவு எண், எண் ஒன்றுக்கு ஒரு வரி. கடைசியாக வாசல்களை எண்ணிய காலத்தில் நான் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. அதற்குப் பிறகு வீட்டைத் தடுத்து, ஓர் அறைக்குத் தனியாகத் தெருவாசல் வைத்து, வாடகைக்கு விட்டவர்கள் ஏராளம். அந்த வாசல்களுக்கு எண் இல்லை, வரியும் இல்லை.

முதலில் எல்லா வாசல்களையும் எண்ணப்போகிறோம். இரண்டாவது வாசல் இருந்தால் உரிமையாளருக்கு இரண்டு வழி. எண் வாங்கி வரி கட்டலாம். ஆள் இல்லாமல் காலியாக இருந்தால் பாதி வரி. இல்லையென்றால் கெடு முடிவதற்குள் செங்கல் வைத்து நிரந்தரமாக அடைத்துவிடலாம். எத்தனை பேர் கட்டுவார்கள், எத்தனை பேர் அடைப்பார்கள் என்பதை வைத்துத்தான் ஐந்து வருஷக் கணிப்பு. இவ்வளவு பெரிய அறிக்கை எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை மாமா. பயமாகவும் இருக்கிறது.

கொக்கு கடிதம் போடுகிறானா? (ஆணையர் அவர்களுக்கு: கொக்கு என்பது என் மாமாவின் ஒரே மகன். சின்ன வயதிலிருந்தே ஒரு காலை மடக்கி மறுகால் முட்டியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பான். மாமா வைத்த பெயர்.) அவன் வீட்டை விட்டுப் போனபோது நான் ஊரில் இல்லை. ஏதோ கடைத் தகராறு என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

அன்புடன்,
மருமகள்

நகல்: ஆணையர்.

*

மார்ச் 8

அன்புள்ள கணக்குப்புலிக்கு,

உன் கடிதம் கண்டு அகமகிழ்ந்தோம். அத்தை நலம். நான் பாதி நலம். மீதியைத் தவணை முறையில் அடைகிறேன்.

உன் கணக்கெடுப்பாளர்கள் வந்திறங்கிய நாள் முதல் ஊரில் வாசல்கள் மாயமாகின்றன. ஒரு வீட்டில் கதவுக்கு முன்னால் பீரோவை நகர்த்தி வைத்திருந்தார்கள், தெருப்பக்கம்! நட்ட நடுத்தெருவில் பீரோ. "வெயில்ல வச்சா துணி நல்லா காயும் சார்" என்றார் வீட்டுக்காரர். இன்னொருவர் கதவின் மேல் போன வருஷத்து ஆளுயரக் காலண்டர் ஒன்றை மாட்டியிருந்தார். கணக்கெடுப்பவர் தேதியைக் கிழிக்கப்போக, உள்ளேயிருந்து வாடகைக்காரர் கதவைத் திறந்து, "யாரு?" என்று கேட்டார். அந்த டிசம்பர் மாதம் அப்படியே இரண்டாகக் கிழிந்தது.

எதிர்வீட்டுத் தையல்காரரை உனக்குத் தெரியாது; மூன்று வருஷத்துக்கு முன் குடிவந்தவர். ஊர்ச் செய்தியெல்லாம் அவர் கடையில் அளவெடுக்கப்பட்டு, வெட்டப்பட்டு, ஒட்டுத்துணியோடு வெளியே வரும். அவர்தான் கணக்கெடுப்பாளரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து என் வீட்டைக் காட்டினார்.

"எல்லார் வீட்டையும் எண்ணுறீங்களே, பெரியவர் வீட்டுல எத்தனை வாசல்னு பாத்தீங்களா?"

பார்த்தார்கள். இரண்டு. என் மாளிகையின் மேற்குப் பக்கம் ஓர் அறை, அதற்குத் தெருவைப் பார்த்துத் தனிக் கதவு. தற்காலிகமாகப் பதினான்கு-அ என்று சாக்பீஸில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏன் அந்த வாசல் என்று கேட்டார்கள். யானை வாங்கினால் கட்டுவதற்கு என்றேன். யானை வராத பட்சத்தில் காற்று வரும். காற்றும் வராத பட்சத்தில் எலிகள் கௌரவமாக வந்துபோக ஒரு வழி. எலிகளுக்கும் சுயமரியாதை உண்டு.

மற்றபடி இங்கே புழுக்கம். அத்தை உன்னை இளைத்துப் போகாதே என்கிறாள்.

உன் மாமா

நகல்: ஆணையர் (யானை விஷயம் உண்மையல்ல), கோப்பு.

*

மார்ச் 27

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். தாங்களும் அத்தையும் நலம்தானே?

காலண்டர் கதையைப் படித்து எங்கள் அலுவலகமே சிரித்தது. ஆனால் ஆலோசகராக இதை நான் கேட்டே ஆகவேண்டும், கோபப்படாதீர்கள். பதினான்காம் எண் வீட்டுக்கு இரண்டாவது வாசல் இருக்கிறது. கணக்கெடுப்பாளரின் குறிப்பு இது: "அறையில் ஒரு கட்டில், சுத்தமான விரிப்பு, மேசை. ஆள் இல்லை. பூட்டுக்கு அண்மையில் எண்ணெய் போட்டிருக்கிறது." மற்றவர்களுக்குச் சொன்னதையேதான் உங்களுக்கும் சொல்ல வேண்டும்: வரி, அல்லது செங்கல். உறவு என்பதால் உங்கள் வீட்டுக்கு மட்டும் நான் ஒரு வார்த்தை கூட்டியும் சொல்ல முடியாது, குறைத்தும் சொல்ல முடியாது. இந்தக் கடிதத்தை யார் படிப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

எலிகள் வரைக்கும் பதில் எழுதிய நீங்கள் கொக்கைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அன்புடன்,
மருமகள்

நகல்: ஆணையர்.

*

ஏப்ரல் 15

என் கண்ணுக்கு,

அத்தை எழுதுவது. இதற்கு நகல் கிடையாது. என் கையெழுத்து உனக்குப் புரியும் என்று நம்புகிறேன். விரல்கள் முன்பு போல மடங்குவதில்லை.

உன்னோடு போனில் பேசக்கூடாது என்று உன் மாமா எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுப் போனும் அதில் சேர்த்தி என்கிறார். நான் எடுத்தால் கூடச் சத்தியம் மீறினதாகுமாம். அதனால் கடையில் உறை வாங்கி எழுதுகிறேன். பதில் போடாதே. தபால்காரர் எல்லாவற்றையும் அவர் கையில்தான் கொடுப்பார்.

கொக்கு கடை வைத்திருந்தானே, போன் ரிப்பேர் கடை. அந்தத் தெருவில் ஒரு கடைக்காரனும் வரி கட்டவில்லை. இவனும்தான். சீல் வைக்க உத்தரவு வந்தது. உன் மாமா, "என் பையன் கடையில ஆரம்பிச்சாத்தான் மத்தவன் வாயத் திறக்க மாட்டான்" என்று முதல் சீலை அவன் கடைக்கு வைத்தார், அவரே கையால். ஊரே நின்று பார்த்தது. அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து துணியை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று, "இந்த வாசல்ல இனிமே என் கால் படாது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னால் சொன்னதுதான். யார் பிள்ளை?

ஒரு வருஷம் அவர் அவன் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு நாள் காபி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, அவன் இந்த வாசலத்தானே சொன்னான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வேற வாசல் வச்சா?" என்றார். மறுநாள் கொத்தனார் வந்தார். அவன் சொல்லும் கெடாது, வீட்டுக்கும் வந்துவிடலாம். இதுதான் அந்த யானை. விரிப்பை நான் மாற்றுகிறேன், பூட்டுக்கு அவர் எண்ணெய் போடுகிறார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. ஆனால் கதவு இருக்கிறது.

உன் மேல் வருத்தமில்லை. "அடைக்க மாட்டேன், ரெண்டு வரியும் கட்டிட்டுப் போறேன்" என்கிறார். ஆகவே நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. எதற்கு இருக்கிறது என்றாவது உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

தலைக்கு எண்ணெய் வை.

உன் அத்தை

*

ஏப்ரல் 24

கொக்குக்கு,

புலி எழுதுவது. உன் பழைய கடைப் பங்காளியைத் தேடிப்பிடித்து விலாசம் வாங்கினேன். அவன் மேல் கோபப்படாதே. நீ நலமாக இருக்கிறாயா?

ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும். அந்த வாசலில் உன் கால் படாது என்று சொன்னாய். சரி, பட வேண்டாம். வீட்டுக்கு மேற்குப் பக்கம் இன்னொரு வாசல் இருக்கிறது. நீ போன பிறகு வைத்தது. உனக்காக வைத்தது. உள்ளே ஒரு கட்டில் விரித்துக் கிடக்கிறது. பூட்டு துருப்பிடிக்காமல் உன் அப்பா எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர்களுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். வருவதும் வராததும் உன் விருப்பம்.

புலி

*

மே 19

புலிக்கு,

நலம். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் வேலைக்குப் போனேன். பட்டறையில் நெருப்புப் பொறி பட்டு ஓரம் கருகிவிட்டது.

ஜூலையில் வெளிநாடு போகிறேன். வெல்டிங் வேலை, ஐந்து வருஷ ஒப்பந்தம். நடுவில் விடுப்பு கிடையாது. அதற்கு முன்னால் ஒரு தடவை போய்ப் பார்க்கலாமா என்று தோன்றுகிறது. வருகிறேன் என்று சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே. சொன்னால் அம்மா அன்றிலிருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். நான் போகாமல் விட்டுவிட்டால்?

அப்பா கொத்தனாரைக் கூப்பிட்டு வாசல் வைத்தார் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. அந்த மனுஷன் எதையும் மூடித்தான் பார்த்திருக்கிறேன்.

கொக்கு

*

ஜூன் 12

அன்புள்ள, வெற்றிவாகை சூடிய மருமகளுக்கு,

நலமா? அத்தை நலம், கொஞ்சம் தும்மல். வீடு முழுக்கத் தூசி.

உன் அறிக்கை நேற்று நகரமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியது. அடித்த கைதட்டலில் கூரையிலிருந்து இன்னொரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அதையும் சபை மரியாதையாக ஏற்றுக்கொண்டது. உன் கணிப்பை நம்பித்தான் புதுக் குடிநீர்க் குழாய்க்குக் கடன் வாங்கப்போகிறார்கள். இனி இந்த ஊரில் யார் தண்ணீர் குடித்தாலும் உன்னை நினைத்துத்தான் குடிக்க வேண்டும்.

அதற்கு முந்தின கூட்டத்தில் ஒரு சின்னச் சலசலப்பு. ஓர் உறுப்பினர், அவருக்கே மூன்று வாசல், எழுந்து நின்றார்.

"ஆளே இல்லாத ரூமுக்கு எந்த மடையனாவது வரி கட்டுவானா? கண்காணிப்பாளர் கட்டறேங்கறார்னா உள்ள ரகசியமா வாடகைக்கு விட்டிருக்கார்னு அர்த்தம். மாமா வீட்டுக் கணக்கே இப்படின்னா, மருமக எழுதின மொத்த அறிக்கையும் எப்படி இருக்கும்? தூக்கிக் குப்பையில போடுங்க!"

நாலு பேர் மேசையைத் தட்டினார்கள். என்னை அவர் திருடன் என்று சொல்லியிருந்தால் ரசித்துக் கேட்டிருப்பேன், அவ்வளவு அழகாகப் பேசினார். உன் பெயரை இழுத்ததுதான் பிடிக்கவில்லை. ஒரே வாரத்தில் அத்தனை பேர் சந்தேகத்தையும் தீர்த்துவைத்தேன். எப்படி என்பது நேரில் சொல்ல வேண்டிய காவியம். இப்போது அந்த உறுப்பினரே உன் அறிக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு திரிகிறார்.

நீ ஜெயித்துவிட்டாய். மாமாவுக்கு அது போதும்.

உன் மாமா

நகல்: ஆணையர், கோப்பு.

*

ஜூன் 18

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். நலமாக இருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். காரணம் கேட்காதீர்கள். இந்த மாதம் முழுக்க வெளியூர் எங்கும் போகாதீர்கள். அத்தையையும் போகவிடாதீர்கள். முடிந்தவரை வீட்டிலேயே இருங்கள்.

அன்புடன்,
மருமகள்

நகல்: ஆணையர்.

*

ஜூன் 26

புலிக்கு,

போனேன்.

கதவு இருக்கும் என்று எழுதியிருந்தாய். சுவர் இருக்கிறது. பூச்சு இன்னும் முழுசாகக் காயக்கூட இல்லை. எதிர்க்கடைக்காரரைக் கேட்டேன். அப்பாவே பக்கத்தில் நின்று அடைத்தாராம்.

நீ பொய் சொல்லியிருக்க மாட்டாய் என்று தெரியும். கதவு இருந்திருக்கும். அவர் மனசு மாறியிருக்கும். பரவாயில்லை.

நான் வந்ததை அவர்களிடம் சொல்லாதே. எனக்குச் செய்யும் ஒரே உதவி அதுதான். அறையைக் காலி செய்துவிட்டேன், இந்த விலாசத்துக்கு எழுதினால் திரும்பி வந்துவிடும். உடம்பைப் பார்த்துக்கொள்.

கொக்கு

*

ஜூலை 5

அன்புள்ள கணக்குப்புலிக்கு,

நலம், நலமே விளைக. உன் ஆணைப்படி ஜூன் முடியும் வரை வீட்டுச் சிறையில் இருந்தேன். விடுப்பு எடுத்தேன். ஆணையர் ஆள் விட்டு நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்தார். பகலெல்லாம் ரேடியோ கேட்டேன். அது பாடி அலுத்துத் தானாக நின்றுபோன நாளும் உண்டு. நீ வந்து குதிப்பாய் என்று அத்தை தலையணை உறையெல்லாம் துவைத்து வைத்தாள். யாரும் வரவில்லை. பரவாயில்லை, உன் வேலை உனக்கு.

ஆமாம், அந்தக் காவியத்தை இப்போது சொல்லிவிடலாம், இனி நீ தடுக்க முடியாது. பதினான்கு-அ வாசலை அடைத்துவிட்டேன். நாற்பது யானை மோதினாலும் அசையாத சுவர். உறுப்பினர்கள் எல்லோரையும் அழைத்து, தெருவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, முதல் செங்கல்லை நானே எடுத்துக் கொடுத்தேன். கொத்தனார், "பூமாலை வேணாமா சார்?" என்று கேட்டார். வாடகைக்காரரும் இல்லை, திருட்டும் இல்லை, என் மருமகள் கணக்கில் பிசகும் இல்லை என்று அன்றே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அத்தைக்குத்தான் கொஞ்சம் வருத்தம். என்னோடு பேசுவதை அளந்து பேசுகிறாள். காற்றோட்டம் குறைந்துவிட்டதல்லவா, அதனால் இருக்கும். கதவுதானே, மரம்தானே. நீ இதற்காக...

தையல்காரர் தெருவில் நின்று கூப்பிடுகிறார். என் பழைய சட்டையை மூன்றாவது முறையாகத் தொலைத்திருப்பார். போய்விட்டு வந்து தொடர்கிறேன்.

தொடர்கிறேன்.

சட்டை தைத்து முடிந்துவிட்டது. கொடுத்துவிட்டு, பேச்சுவாக்கில் சொன்னார்.

"சொல்லணும்னே இருந்தேன் சார், மறந்தே போச்சு. ரெண்டு வாரம் இருக்கும். ஒருத்தரு வந்து உங்க புதுச் சுவத்தையே பாத்துட்டு நின்னாரு."

"வாடகைக்கு ரூம் கேட்டு வந்திருப்பான்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். 'இங்க ஒரு கதவு இருக்கும்னு சொன்னாங்களே'ன்னாரு. 'இருந்துச்சுங்க, இப்பத்தான் அடைச்சாங்க, பெரியவரே நின்னு அடைச்சாரு'ன்னேன். 'அவரேவா?'ன்னு கேட்டாரு. 'ஆமாங்க, முதல் செங்கல்லே அவர் குடுத்ததுதான், ஊரே பாத்துச்சு'ன்னேன்."

"சரி."

"பெரிய வாசல் அந்தப் பக்கம் இருக்கு, மணியடிங்க, ஆள் உள்ளதான் இருக்காருன்னு சொன்னேன். உங்க ரேடியோ கேட்டுச்சு சார். 'அந்த வாசல் வேணாம்'னுட்டாரு."

அவரே சொல்லிக்கொண்டு போனார்.

"குடிக்கத் தண்ணி கேட்டாரு, குடுத்தேன். டம்ளரைக் கையில வச்சுக்கிட்டே ரொம்ப நேரம் நின்னாரு. வேடிக்கையா நின்னாரு சார், ஒரு காலை மடக்கி இன்னொரு முட்டியில வச்சுக்கிட்டு. கால் வலிக்காதான்னு கேக்கலாம்னு பாத்தேன். அதுக்குள்ள போயிட்டாரு."

நின்று காட்டினார். தையல்காரர் நன்றாகவே நடிக்கிறார்.

இங்கே மழை இல்லை. முழங்கால் பரவாயில்லை.

மாமா

*

அக்டோபர் 19

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உன் அத்தை நலம் என்று எழுதச் சொன்னாள்.

ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் இனி நாம் போனில் பேசலாம் என்று ஆணையர் அனுமதி தந்து நாளாகிறது. நீ பேசவில்லை. நானும் பேசவில்லை. அலுவலக உறையில் இறுதி அறிக்கை மட்டும் வந்தது. உள்ளே ஒரு வரி இருக்குமோ என்று பக்கம் பக்கமாக உதறிப் பார்த்தேன். என்னைப் போல அந்த அறிக்கையை ஒரு காற்புள்ளி விடாமல் படித்த ஆள் ஏழு நகராட்சியிலும் கிடையாது.

உன் பழைய கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். ஜூன் மாதம் வீட்டிலேயே இருங்கள் என்று எழுதிய கடிதத்தையும்.

உன் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நான் சரிபார்த்துவிட்டேன். இதை மாமாவாகவும் சொல்கிறேன், கண்காணிப்பாளராகவும் சொல்கிறேன். எனவே நீ வேளைக்குச் சாப்பிடலாம்.

தையல்காரர் சொன்னதை உன் அத்தையிடம் நான் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

போன மாதம் கொத்தனாரைக் கூப்பிட்டேன். வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஊரே வரி மிச்சம்னு அடைச்சிக்கிட்டு இருக்கு. நீங்க தெறக்கச் சொல்றீங்க. நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா சார்?"

"யோசிக்காம அடைச்சதுதான் தப்பு. நீ உடை."

"அவ்வளவு கெட்டியா வச்சிருக்கேன் சார். லேசுல வராது."

"தெரியும்பா. நான்தானே கெட்டியா வைக்கச் சொன்னேன்."

உடைக்க மூன்று நாள் பிடித்தது. பழைய கதவை நல்ல வேளையாக நான் விற்கவில்லை. குளியலறைக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தேன். எதற்கு மறுபடி என்று அத்தை கேட்டாள். காற்று வரட்டும் என்றேன். உள்ளே போய் ஒரு புது விரிப்பு எடுத்துவந்தாள். அன்றைக்கு என்னோடு நிறையப் பேசினாள். நான் கதவின் தூசியைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

அந்த மூன்று வாசல் உறுப்பினர் நின்று பார்த்துவிட்டு, "மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா சார்?" என்றார். பதில் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. என் பேசாத கூட்டங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது.

உன் அறிக்கையின் கடைசி அட்டவணையில், அடைத்த வாசல்களில் திரும்பத் திறக்கப்படுபவை என்ற இடத்தில் ஐந்து வருஷத்துக்கும் பூஜ்யம் போட்டிருக்கிறாய். எந்தப் பைத்தியக்காரன் திறப்பான் என்று நினைத்திருப்பாய். நியாயம்தான். முதல் வருஷத்தில் மட்டும் ஒன்று என்று திருத்திக்கொள்.

பதினான்கு-அ எண்ணுக்கு மனுக் கொடுக்க நானே வரிசையில் நின்றேன். என் பிரிவில், எனக்குக் கீழே வேலை பார்க்கும் எழுத்தர். எழுந்து நிற்கப்போனார், உட்காரச் சொன்னேன்.

"குடியிருக்கா, காலியா சார்? காலின்னா பாதி வரிதான்."

"காலி இல்ல."

"ரூம்ல ஆள் இருக்காங்களா?"

"வெளிய போயிருக்கான்."

"அப்படி ஒரு பத்தி இல்லையே சார். எப்ப வருவாங்கன்னு போடட்டும்?"

"முழு வரியே போடுப்பா" என்றேன்.

பூட்டுப் போடுவதில்லை. சும்மா சாத்தித்தான் வைத்திருக்கிறேன். யாருக்காவது, எந்த ஊருக்காவது நீ எழுத நேர்ந்தால், இதை ஒரு வரி சேர்த்து எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணு.

உன் மாமா

நகல்: யாருக்கும் இல்லை.